பில்பாக்ஸ்: பதுங்குகுழி அல்ல, காவலரண்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஆற்றங்கரை, கால்வாய்க் கரை ஓரமாக நடப்பவர்களுக்கு, வயல் மூலையில் அறுகோண வடிவில் ஒரு கான்கிரீட் அறை தட்டுப்படும். தட்டைக் கூரை, குனிந்து நுழைய வேண்டிய வாசல், சுவருக்குச் சுவர் ஒரு சிறிய திறப்பு. நம்மூர்க்காரர் பார்த்தால் பம்புசெட் அறை என்று தாண்டிப் போய்விடுவார். போர்க்காலத்தில் உள்ளிருந்து எதிரியைச் சுடக் கட்டிய அறை அது; அங்கே அதன் பெயர் பில்பாக்ஸ்.

சொல்லுக்கு நேர்ப்பொருள் மாத்திரை டப்பா. மருந்துக்கடைகளில் மாத்திரைகளைச் சிறு வட்ட டப்பாக்களில் போட்டு விற்ற காலத்துச் சொல் அது. முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் மண்ணைத் தோண்டினாலே தண்ணீர் ஊறியது. குழிக்குள் நிற்க முடியாத ஜெர்மானியப் படை, தரைக்கு மேலே கான்கிரீட் அறைகளைக் கட்டி இயந்திரத் துப்பாக்கிகளோடு உட்கார்ந்தது. எதிரே நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவற்றுக்குக் கிண்டலாக வைத்த பெயர் பின்னாளில் ராணுவச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. சாலையோரத்துச் சிவப்பு அஞ்சல் பெட்டியான ‘பில்லர் பாக்ஸ்’ஸிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, அதன் வாயும் துப்பாக்கித் துளை போலத்தான் இருக்கும். எனக்கென்னவோ மாத்திரை டப்பாதான் சரியாகப் படுகிறது.

இங்கிலாந்தில் இன்று காண்பவற்றில் பெரும்பாலானவை 1940இல் கட்டியவை. பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படை உயிர் தப்பி வந்தது. டாங்கிகளும் பீரங்கிகளும் பிரான்சிலேயே கிடந்தன. ஜெர்மானியர் கரையேறினால் தடுக்க, உள்நாட்டுப் படைத் தளபதி அயர்ன்சைட் நாட்டின் குறுக்கே தடுப்பு வரிசைகளை வகுத்தார். ஆறு, கால்வாய், ரயில்பாதை மேடு இருந்தால் அதுவே டாங்கிக்குத் தடை. இல்லாத இடத்தில் அகழி வெட்டினார்கள். அதற்குப் பின்னால் பில்பாக்ஸ்கள். கென்னட் ஏவன் கால்வாயோரம் இவை இன்றும் நிற்கின்றன. நாடு முழுக்க ஏறத்தாழ 28,000 கட்டியதாகக் கணக்கு. ஆனால் ஜூலை மாதமே அயர்ன்சைட் போய் ஆலன் புரூக் வந்தார். அவருக்கு நிலையான வரிசைகளில் நம்பிக்கை குறைவு. நகரும் படையைத்தான் நம்பினார்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பல அறைகளின் நடுவே ‘ஒய்’ வடிவில் ஒரு சுவர் இருக்கும். துளை வழியே நுழையும் குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, எல்லாரையும் பதம் பார்க்காமல் தடுப்பதற்கு அது. வெளிச்சுவரில் சென்ட்ரிங் பலகையின் மரவரிகள் இன்னும் அப்படியே தெரியும். இப்போது சிலவற்றில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மாத்திரைப் பெட்டி’ என்று பெயர்த்தால் சிரிப்புதான் வரும். ‘பதுங்குகுழி’ என்று எழுதுவதும் பொருந்தாது. அது பங்கருக்குச் சரி, விமானம் குண்டு போடும்போது ஒளிந்துகொள்ளும் இடம். குழி தோண்ட வழியில்லாமல் பிறந்த கட்டடத்தைக் குழி என்பது வேடிக்கை. தவிர, பில்பாக்ஸ் முதலில் சுடுவதற்கான இடம், ஒளிவது அப்புறம்தான்.

ஈழத்துத் தமிழர் வாயில் புழங்கிய ‘காவலரண்’ இதற்குக் கச்சிதம். அங்கே பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கியதும் காவலரண்தான் என்பதால், வேறுபடுத்த வேண்டிய இடத்தில் ‘கான்கிரீட் காவலரண்’ என்றால் போதும். அரண் என்பது கட்டடத்தை மட்டும் குறிப்பதுமில்லை. ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்’ என்கிறது குறள். நீரையே முதல் தடையாக நம்பிய 1940இன் தடுப்பு வரிசைக்கும் அந்தச் சொல் ஒட்டுகிறது. சுவர்த் துளைக்கும் புதுச்சொல் தேட வேண்டாம்; கோட்டை மதிலில் அம்பு எய்ய விட்ட துளைக்கு ‘ஏப்புழை’ என்று பெயர் இருக்கிறது. பழசாகத் தோன்றினால் ‘சுடுதுளை’ எனலாம்.

காவலரணுக்குப் பக்கத்தில் சாலையோரமாகக் கிடக்கும் கான்கிரீட் உருளைகளுக்கும் கட்டைகளுக்கும் ‘வழித்தடை’ பொருந்தும். ‘சோதனைச் சாவடி’ என்று சிலர் எழுதுகிறார்கள்; சாவடியில் நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், வழித்தடை டாங்கியை அனுப்பவே அனுப்பாது. ஆனால் சொந்த வண்டிகள் போய்வர வேண்டுமே? அதற்காகச் சில இடங்களில் சாலையிலேயே குழிகள் விட்டு மூடி போட்டு வைத்தார்கள். எதிரி வரும் செய்தி கிடைத்ததும் மூடியைத் திறந்து இரும்புத் தண்டவாளங்களை நட்டு நிறுத்துவது ஏற்பாடு. இந்த வகையைக் ‘கழற்றும் வழித்தடை’ எனலாம்.