மழைக்காகக் காத்திருந்த படை

1802 பிப்ரவரி தொடக்கத்தில், கரீபியக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமாக இருந்த சான்-தொமாங்க் காலனிக்கு ஒரு பெரிய கப்பற்படை வந்தது. அனுப்பியவர் நெப்போலியன். தலைமை தாங்கி வந்தவர் அவருடைய தங்கை பொலினின் கணவர், ஜெனரல் லெக்லெர். முதல் தவணையிலேயே ஏறக்குறைய 20,000 பேர், பலரும் ஐரோப்பியப் போர்களில் அடிபட்டுத் தேறியவர்கள். எதிரில் நின்றவர்களில் பெரும்பாலானோர் பத்து வருடத்துக்கு முன்புவரை கரும்புத் தோட்டத்து அடிமைகள். அவர்கள் தலைவர் துசேன் லூவெர்த்தூரும் அடிமையாகப் பிறந்தவர்தான்.

பிப்ரவரி 8 அன்று துசேன் தன் தளபதி தெசலினுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: மழைக்காலம் வந்தால் அதுவே எதிரிகளைத் தொலைத்துவிடும், அதுவரை நெருப்பும் அழிவும்தான் நம் ஆயுதம்.

மழை எப்படி ஒரு ராணுவத்தைத் தொலைக்கும்? அன்றைக்கு யாருக்கும் காரணம் தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்று என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கணக்கு துசேனுக்குத் தெரிந்திருந்தது. 1793 முதல் 1798 வரை பிரிட்டன் இதே இடத்தைப் பிடிக்கப் பார்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்துவிட்டுக் கிளம்பியதை அவர் கூடவே இருந்து பார்த்தவர். செத்தவர்களில் பெரும்பாலானோர் மேல் ஒரு குண்டுகூடப் படவில்லை. மஞ்சள் காய்ச்சல்.

அதைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி கொசு. ஆமாம், நமக்கு டெங்குவைத் தருகிற அதே கொசுதான். அதன் குணம் நமக்கும் பழக்கம். குளம் குட்டையை அது அவ்வளவாகத் தேடாது. தொட்டி, டிரம், பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு என்று, டெங்கு சீசனில் மாநகராட்சிப் பணியாளர் டார்ச் அடித்துப் பார்க்கிற இடங்கள்தான் அதற்கு வேண்டும். முட்டையைத் தண்ணீருக்குள் போடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், சாகாது. மழை பெய்து மட்டம் உயர்ந்து முட்டை நனைந்தால் புழு வெளியே வரும்.

சரி, தீவில் இத்தனை பாத்திரம் எங்கிருந்து? சர்க்கரையிலிருந்து. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, நுனியில் ஓட்டை உள்ள கூம்பு வடிவ மண்பானைகளில் ஊற்றுவார்கள். பாகு சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் ஜாடியில் வடிய, கூம்பில் சர்க்கரை கட்டியாக நிற்கும். ஒரு தோட்டத்தில் இப்படிப் பானைகளும் ஜாடிகளும் நூற்றுக்கணக்கில். வேலை இல்லாத மாதங்களில் அவை காலியாகக் கிடந்து மழைநீரைப் பிடிக்கும். அடியில் கொஞ்சம் இனிப்பு ஒட்டியிருந்தால் பாக்டீரியா பெருகும், புழுவுக்குச் சாப்பாடு ஆயிற்று. பிரான்ஸைப் பணக்கார நாடாக்கிய சர்க்கரை ஆலைகள்தான் கொசுப் பண்ணைகளாகவும் இருந்தன.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரப் பத்து நாள் போல ஆகும். அதன் பிறகு சாகும்வரை அது கடிக்கிற ஒவ்வொரு கடியும் ஆபத்து. கடிபட்டவருக்கு மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் வரும். சிலருக்கு அது விட்டதுபோல் விட்டுத் திரும்பும்போதுதான் கல்லீரல் பழுதாகிக் கண் மஞ்சளாகும், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் கறுப்பு வாந்தியாக வரும். ஆனால் பிழைத்தவருக்கு ஆயுள் முழுக்க மறுபடி வராது. சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் லேசாகவே வந்துபோகும்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கறுப்பின மக்களுக்கு இயல்பிலேயே எதிர்ப்பு இருந்தது என்று எழுதிவிடுவார்கள். முக்கியமான விஷயம் நிறம் அல்ல, எங்கே வளர்ந்தார்கள் என்பதுதான். தீவின் அடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அவர்களில் பலருக்கு இந்த நோய் சின்ன வயதிலேயே வந்துபோயிருந்தது. பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து வந்த இருபது வயதுப் பையனுக்கு அந்த வாய்ப்பே கிடைத்ததில்லை.

எதிர்ப்பு உள்ளவர்கள் நிறைந்த ஊரில் வைரஸ் ஓரளவுக்கு மேல் பரவ முடியாது. கொசு யாரைக் கடித்தாலும் அங்கே வைரஸின் பயணம் முடிந்துவிடும். அந்த ஊருக்குள் எதிர்ப்பே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை இறக்கினால்? லெக்லெர் செய்தது அதைத்தான். ஆள் குறையக் குறையப் பாரிஸுக்குக் கடிதம் எழுதினார், புதுப் படை வந்தது, அடுப்பில் விறகு வைத்தது போல நோய் மறுபடி மூண்டது. ஆள் அனுப்ப முடிகிற வல்லமைதான் ஒரு பேரரசின் பலம், அந்தப் பலமே நோய்க்குத் தீனியானது. நிறுத்தவும் முடியாது, துறைமுகங்களை விட்டு நகரவும் முடியாது, ஏனென்றால் சோறும் வெடிமருந்தும் கப்பலில்தான் வரும். கொசுவுக்கும் பிடித்தது அதே துறைமுக நகரம்தான்: நெருக்கமான வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது பொதுவாகப் பறக்காது. துசேனின் ஆட்கள் மலையிலேயே இருந்தார்கள்.

கொசுதான் ஜெயித்தது என்று சொன்னால் அது அநியாயம். மழை வருவதற்குள் துசேன் தரப்பு கிட்டத்தட்டத் தோற்றே விட்டது. மே மாதத்துக்குள் தளபதிகள் சரணடைந்து பிரெஞ்சுத் தரப்பிலேயே சேர்ந்துகொண்டார்கள். ஜூனில் துசேனை வஞ்சகமாகப் பிடித்து பிரான்ஸுக்கு அனுப்பினார்கள், குளிர்ந்த ஒரு மலைக்கோட்டைச் சிறையில் 1803 ஏப்ரலில் இறந்தார். அப்புறம் நெருப்பை மூட்டியது ஒரு செய்தி. இன்னொரு கரீபியக் காலனியான குவாதலூப்பில் பிரான்ஸ் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று தெரிந்ததும் மக்கள் கிளர்ந்தார்கள். 1802 அக்டோபரில் தெசலினும் மற்றத் தளபதிகளும் பிரெஞ்சுத் தரப்பை விட்டு விலகினார்கள். பிரெஞ்சு முகாம்களில் எழுந்து நிற்கத் தெம்புள்ளவர்கள் எவ்வளவு பேர் என்பது அவர்களுக்குத் தெரியும், அதுவரை அங்கேயே இருந்தவர்களாயிற்றே.

நவம்பர் 2 அன்று லெக்லெரும் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். வயது 30. அடுத்து வந்த ரோஷாம்போ ஒரு வருடம் கொடூரமாகச் சமாளித்தார். 1803 மே மாதம் பிரிட்டனுடன் போர் மறுபடி தொடங்க, கடல்வழியும் அடைபட்டது. நவம்பர் 18 அன்று வெர்தியேரில் தெசலினின் படை கடைசிச் சண்டையை வென்றது. 1804 ஜனவரி 1 அன்று சான்-தொமாங்க், ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாகப் பிறந்தது.

கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே கொசுவின் மேல் சந்தேகத்தை எழுப்பியது 1881இல். வால்டர் ரீட் குழு ஹவானாவில் அதை நிரூபித்தது 1900இல். தடுப்பூசி 1930களில்தான் வந்தது. இந்தியாவில் கொசு இருக்கிறது, இந்த வைரஸ் இதுவரை வேர்விடவில்லை. அதனால்தான் நைஜீரியாவுக்கோ கானாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி இடங்களில் ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையுடன் போகிறார்கள். திரும்பி வரும்போதும் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்த அட்டை செல்லும். உடம்பு எதிர்ப்பைத் தயார் செய்ய அவ்வளவு நாள் பிடிக்கிறது.