குண்டு வெடித்த நொடியில் கேமரா எங்கே இருந்தது?

சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் கெப்பல் துறைமுகத்திலும் இரண்டாம் உலகப்போரில், 1944, 45-இல் குண்டு விழுந்தபோது வானிலிருந்து எடுத்த படங்கள் உண்டு. சட்டம் போட்டு மாட்டிய அப்படி ஒரு படத்தின் முன்னால் நிற்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான்: பறந்துகொண்டே இருக்கிற விமானம், தான் போட்ட குண்டு வெடிப்பதை நேர் மேலே இருந்து எப்படிப் பிடித்தது?

ஓடும் எம்ஆர்டி ரயிலில் சாவி கைநழுவினால் காலடியில்தான் விழும். குண்டும் அப்படித்தான். மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்திலிருந்து விடுபட்ட குண்டு, அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டேதான் கீழே இறங்கும். 6,000 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய 35 நொடி. அதற்குள் அது 3.5 கிலோமீட்டர் முன்னே வந்திருக்கும். விமானம் திரும்பாமல் நேரே பறந்திருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும். காற்று தடுப்பதால் குண்டு கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். ஆகவே விமானத்தின் அடிப்பகுதியில் கீழ்நோக்கிப் பொருத்திய கேமரா, சில நொடிக்கு ஒருமுறை தானாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தால் போதும். ஏதாவது ஒன்றில் வெடிப்பு சிக்கிவிடும்.

1944 நவம்பர் 5-ஆம் தேதி வங்காளத்தின் கரக்பூர் பக்கத்திலிருந்து வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் செம்பவாங்கில் குறிவைத்தது, பிரிட்டிஷார் 1938-இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையை. கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்துப் பழுதுபார்க்கும் பெரிய தொட்டி அது. அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. கதவு உடைந்ததா என்பதுதான் தாக்கியவர்களுக்குத் தெரியவேண்டும். ஆனால் வெடிக்கும் நேரத்தில் எடுத்த படத்தில் புகைதான் இருக்கும். குண்டு எங்கே விழுந்தது என்று அது காட்டும், எதை உடைத்தது என்று காட்டாது. அதனால் புகை அடங்கியபின் வேறொரு விமானம் வந்து படம் எடுக்கும். தாக்குதலுக்கு முன் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துத்தான் சேதத்தைக் கணக்கிடுவார்கள்.

இந்தப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அளவெடுக்கும் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை உயரத்தால் வகுத்தால் போதும். 60 சென்டிமீட்டர் லென்ஸ், 6,000 மீட்டர் உயரம் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 10 மீட்டர். 300 மீட்டர் உலர்துறை 3 சென்டிமீட்டராகத் தெரியும். இந்த இரண்டு எண்களும் தேதி, நேரத்தோடு பெரும்பாலும் படத்தின் விளிம்பிலேயே எழுதப்பட்டிருக்கும். சட்டம் போடுகிறவர் அழகுக்காக அந்த விளிம்பை அட்டைக்கு அடியில் மறைத்துவிடுகிறார், சில சமயம் வெட்டியே விடுகிறார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். படத்தின் உயிரே அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சுவரில் மாட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எப்போதும் நம்புகிறது. படத்தில் நிழல் நம்மை விட்டு விலகி மேல்பக்கமாக விழுந்திருந்தால், குண்டுக் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தோன்றும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒட்டியே இருப்பதால் இங்கே நிழல் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும். பெரிய தாக்குதல்கள் பல அந்த மாதங்களில்தான் நடந்தன. வடக்கு மேலே இருக்கும்படி மாட்டிய படத்தில் குழிகளெல்லாம் குன்றுகளாகத் தெரிந்தால் குழம்பவேண்டாம். படத்தைக் கழற்றி நிழல் உங்கள் பக்கம் விழும்படி திருப்புங்கள், சட்டென்று எல்லாம் சரியாகிவிடும்.

நிழலின் நீளத்தைக் கொண்டு கட்டடத்தின் உயரத்தையும் சொல்லலாம். ஆனால் நவம்பர் தொடக்கத்து நண்பகலில் 10 மீட்டர் கிடங்கின் நிழல் இங்கே 3 மீட்டர்தான். நம் ஊர் உச்சி வெயில், படம் படிக்கிறவருக்கு உதவாது.

சரி, மனிதர்கள்? கடற்படைத் தளத்திலும் தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் இந்தப் படத்தில் முதலில் தேடுவது மனிதர்களைத்தான். கேமராவின் கதவு நொடியில் 150-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலும், அதற்குள் விமானம் 67 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு மனிதனின் தோள் அகலமோ அரை மீட்டர்தான். அந்த மங்கலுக்குள்ளேயே ஆள் கரைந்துவிடுகிறான். அங்கே ஆளே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிலாளர் குடியிருப்புகளின் கூரைகள் தெரியும், குண்டுக் குழிகள் அவற்றிலிருந்து எத்தனை மீட்டர் என்பதும் தெரியும். அந்தத் தூரத்தை நாமே ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

வீட்டில் அசல் பிரதி இருந்தால் கண்ணாடியில் ஒட்டும்படி சட்டம் போடாதீர்கள். நம் ஈரக்காற்றில் படத்தின் ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உரித்தால் படமும் சேர்ந்து வரும். நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். அதற்கு முன்னால், விளிம்போடு சேர்த்து ஓர் அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்குப் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்குச் சமம். மங்கலே 67 சென்டிமீட்டர் என்பதால் அதற்கு மேல் போனாலும் புதிதாக எதுவும் தெரியாது.