ஜல்லி போட்டாச்சே, அப்புறம் ஏன் தண்ணீர் நிற்கிறது?

செயற்கைப் புல் விரிப்புக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று கூப்பிட்டதில், இந்த மழைக்காலத்தில் இது நான்காவது வீடு. நேரில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

சேலத்தில், பழைய ஏரி ஆயக்கட்டை, அதாவது ஏரிப் பாசன வயலை, மனை பிரித்து விற்ற ஒரு பகுதி. அந்த வீட்டு அம்மா காலையிலேயே போன் செய்தார். "ஏங்க தம்பி, செயற்கைப் புல்லு மேல நடந்தா சதக் சதக்குனு சத்தம் வருதுங்க. நாத்தம் வேற." போய் ஒரு மூலையில் விரிப்பைக் கிளப்பினேன். கீழே எம்சாண்ட் (கல்லை அரைத்த மணல்), அதற்குக் கீழே ஜல்லி. நாலு கல்லை எடுத்துவிட்டுக் கையை விட்டால் மணிக்கட்டு வரை தண்ணீர். ஒவ்வொரு கல்லின் மேலும் ராகிக் களியைப் பூசியது போலச் சேறு. அப்போது மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

வேலை செய்தவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. எட்டு அங்குலம் தோண்டி, ஆறு அங்குலம் ஜல்லி கொட்டியிருக்கிறார். வெளியேற வழி மட்டும் வைக்கவில்லை. நாலு பக்கமும் காம்பவுண்டு, அடியில் களிமண். ஒரு தொட்டியைக் கட்டி, பச்சை விரிப்பால் மூடிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடையில் விரிப்பைத் திருப்பிக் காட்டுவார்கள். "பாருங்க சார், அடியில ஓட்டை ஓட்டையா இருக்கு, எவ்வளவு மழை பெஞ்சாலும் இறங்கிடும்." இறங்கும்தான், யார் மறுத்தார்கள்? இறங்கிய தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவராவது கேட்டீர்களா? மணல் மண் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் உறிஞ்சும். களிமண் உறிஞ்சுவது 1 முதல் 5 மில்லிமீட்டர். நம்ம ஊர் மழையோ ஐப்பசிக்குக் காத்திருப்பதில்லை. சித்திரை, வைகாசியிலேயே இடியோடு வந்து அரை மணி நேரத்தில் ஒரு அங்குலம் கொட்டிவிட்டுப் போகும். 600 சதுர அடி வாசலில் அந்த ஒரு அங்குலம் என்பது சுமார் 1,400 லிட்டர். மாடிக் குழாயும் அங்கேயே இறங்கினால், 1,000 சதுர அடி மொட்டை மாடி இன்னும் 2,300 லிட்டரைக் கொண்டுவந்து சேர்க்கும். மேலே நிற்கும் 1,000 லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட நாலு. அதைக் களிமண் குடித்துத் தீர்க்க வேண்டுமாம்.

"ஜல்லி போட்டிருக்கே சார்" என்பார்கள் அடுத்து. எனக்கு உச்சிக்கு ஏறுவது இந்த வசனம்தான். ஜல்லி தண்ணீரை எங்கேயும் கொண்டுபோகாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தேக்கி வைக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளி ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு. ஆறு அங்குல ஜல்லி இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலான மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் முதல் மழையில் தண்ணீர் மாயமாக மறையும், வீட்டுக்காரர் மகிழ்ந்துபோய் பாக்கிப் பணத்தையும் கொடுத்துவிடுவார். உள்ளே நிற்பது வடிவதற்குள் இரண்டாவது மழை வரும். அப்போது வேலை செய்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

அதோடு நின்றால் கூடப் பரவாயில்லை. தேங்கியது சுவர் வழியாக ஏறி ஓதம் அடிக்கும். ஒரு வீட்டில் தரையடிச் சம்பின் விரிசல் வழியாகக் குடிதண்ணீரில் கலந்திருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மண்ணைப் பாருங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். மாலையில் இன்னொரு முறை நிரப்பி வையுங்கள். காலையிலும் நின்றால் அது களிமண், பேச்சே வேண்டாம். அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. மேலே எம்சாண்டில் வாட்டம் கொடுத்துப் பயனில்லை, தோண்டிய களிமண் தளத்திலேயே கொடுக்க வேண்டும். பத்து அடிக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை அங்குலம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. கண்ணளவு போதும் என்று சொல்லும் மேஸ்திரியிடம் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) எடுத்துக் கையில் கொடுங்கள். தாழ்ந்த ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட நாலு அங்குலக் குழாயை, ஓட்டை கீழே பார்க்கும்படி பதித்து, சுற்றிலும் ஜல்லி போட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில், தண்ணீரை விட்டுச் சேற்றைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி கட்டாயம். காசை மிச்சப்படுத்துகிறேன் என்று ஒருவர் தார்ப்பாய் விரித்திருந்தார்! ஜல்லி கழுவிய முக்கால் அங்குல ஜல்லியாக இருக்கட்டும். குவாரி டஸ்ட் (கல் தூள்) கலந்து வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள், அது இடைவெளியை அடைத்துவிடும். மாடிக் குழாயைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். விரிப்பைப் பரப்புவதற்கு முன்னால் பத்து குடம் தண்ணீரை ஊற்றிக் குழாய் வாயில் நின்று பாருங்கள்.

குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கனமழையில் உங்கள் வீட்டுக் கழிப்பறையே பொங்கும், வேண்டாம். தெரு மழைநீர் வடிகாலுக்கு விடுங்கள். திரும்பத் திரும்ப ரோடு போட்டு வாசலைவிடத் தெரு உயர்ந்துவிட்டதா? அப்படியானால் வாசலை உயர்த்துங்கள், அல்லது சிறு குழியும் மோட்டாரும் வையுங்கள். மழைநீர் சேமிப்புக் குழிக்கு விட விரும்பினால், போர் போட்டவரிடம் களிமண் எத்தனை அடியில் முடிந்தது என்று கேளுங்கள். அதற்கு மேலேயே நின்றுவிட்ட குழி இன்னொரு தொட்டிதான்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே மேல் சரிவிலிருந்து வரும் ஓட்டத்தை வீட்டுக்கு முன்பாகவே குறுக்கு வாய்க்கால் வெட்டித் திருப்ப வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்றையும் கெஞ்சியே கேட்கிறேன். சித்திரை வெயிலில் இந்த விரிப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். வெறுங்காலோடு குழந்தைகளை மதியத்தில் விடாதீர்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் நாலு கல்வாழை வைத்தாலே போதுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். எனக்கு வேலை குறையும், பரவாயில்லை.

அந்த அம்மா வீட்டில் அடுத்த வாரம் ஜல்லியை அள்ளுகிறோம். விரிப்பு கெடவில்லை. சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டை மாடிச் சுவரில் காயப் போட்டிருக்கிறார். "இதுக்குக் கொடுத்த காசு போகலியே தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.