பிடிக்கணும்னா பிரேக் போடு

என் அக்கா மகன் காட்பாடி காந்தி நகரில் இருக்கிறான், ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தான். "இன்னா மாமா இது? முன்னால போற விண்கப்பலைப் பிடிக்கலாம்னு இன்ஜினைப் போட்டா, கொஞ்ச நேரம் கிட்ட வருது, அப்புறம் தூரமாப் பூடுது. கேம்ல எதுனா கோளாறா?"

கோளாறு இல்லை. நானே இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

கேம் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோ சிட்டியைச் சேர்ந்த ஸ்குவாட் என்ற நிறுவனம் 2011இல் அரைகுறை வடிவில் வெளியிட்டு, 2015இல் முழுப் பதிப்பாக்கியது. பச்சைத் தோல் குட்டி ஆசாமிகளுக்கு நாம் ராக்கெட் கட்டித் தர வேண்டும். முதல் பத்து ராக்கெட் வெடிக்கும், அது கணக்கில் வராது. அவர்களுடைய ஊர் கெர்பின் என்ற கோள். ஆரம் 600 கி.மீ., பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தரையில் நிற்கும்போது ஈர்ப்பு நம் ஊரைப் போலவே இருக்கும். கணக்குப் போட்டால் கெர்பினின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 58 கிராம் வருகிறது. பூமியில் கிடைக்கும் மிக அடர்த்தியான உலோகமான ஆஸ்மியமே 22.6 கிராம்தான்! விளையாடுகிறவன் பொறுமை இழக்காமல் இருக்கச் செய்த ஏமாற்று இது. கோள் சின்னதானால் சுற்றிவர நேரமும் எரிபொருளும் குறைவு.

சுற்றிப் பார்க்க இடமும் நிறைய. டூனா, செவ்வாய் மாதிரி சிவந்த கோள். காற்று மெலிது, பாராசூட்டை மட்டும் நம்பினால் தரையில் மோதிச் சிதறுவோம். ஈவ், இலவம்பாடி முள்ளுக்கத்தரி நிறம். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு. ஈர்ப்பு நம்முடையதைப்போல் 1.7 மடங்கு, காற்றழுத்தம் ஐந்து மடங்கு. நம்ம பையன் அங்கே இறக்கிவிட்ட மூன்று பேர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். கேமில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். கப்பலை ஒரு நேரத்தில் ஒரே ஒரு வான்பொருள்தான் இழுக்கும், அதனால் இரண்டின் இழுப்பும் சேர்ந்து கப்பலைக் கூடவே வைத்திருக்கும் லக்ராஞ்சு புள்ளிகள் கிடையாது. நம் ஆதித்யா எல்-1ஐ இந்தக் கேமில் நிறுத்தி வைக்க இடமே இல்லை. மற்றபடி இயற்பியல் நியாயமானதுதான்.

சரி, கேள்விக்கு வருவோம்.

கிரீன் சர்க்கிள் பக்கம் ஷேர் ஆட்டோ ஒன்று முன்னால் போகிறது. பிடிக்க என்ன செய்வோம்? ஆக்சிலரேட்டரை முறுக்குவோம். தரையில் அது சரி, சக்கரத்துக்குக் கீழே சாலை இருக்கிறது. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பாதை மாறாது. விண்வெளியில் நம் வேகம்தான் பாதையே. நியூட்டனின் பீரங்கியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வேலூர் மலைக்கோட்டை உச்சியிலிருந்து சுட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், குண்டு போதிய வேகத்தில் போனால் விழுந்துகொண்டே பூமியைச் சுற்றும். இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுட்டால் அந்தப் பக்கம் போய் உயரமாக எழும்பும்.

அந்த எழும்பலில்தான் சூட்சுமம். கல்லை மேலே எறிந்தால் உயரப் போகப்போக வேகம் குறைகிறதில்லையா? கப்பலும் அப்படித்தான். இன்ஜின் கொடுத்த கூடுதல் வேகத்தை உயரத்துக்குச் செலவழித்துவிட்டு, சுற்றின் அந்தப் பக்கத்தில் முன்னைவிட மெதுவாகப் போகும். பாதையும் நீண்டுவிட்டது. நீண்ட பாதை, அதில் பெரும்பகுதி மெதுவான நடை, ஆகவே சுற்றிவர அதிக நேரம். முன்னால் இருந்தவர் பாட்டுக்குத் தன் வட்டத்தில் போய்விடுகிறார்.

இதை எண்களில் பார்த்தால்தான் எனக்கு ருசி. கெர்பினுக்கு 100 கி.மீ. மேலே வட்டப் பாதையில் வேகம் நொடிக்கு 2246 மீட்டர், ஒரு சுற்றுக்கு 1958 நொடி. இலக்கு 10 கி.மீ. முன்னால் இருக்கிறது. நொடிக்கு வெறும் 1.7 மீட்டர் வேகம் கூட்டுகிறோம், கோட்டை அகழியோரம் காலையில் வேகமாக நடக்கிறவர்களின் வேகம் அது. மொத்த வேகத்தில் 0.076 சதவீதம். பாதையின் அளவு இதைப்போல் இரண்டு மடங்கு சதவீதம் கூடும். சுற்றுக்காலமோ, பாதையின் அளவையும் சுற்றும் நேரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, அந்த 0.076 சதவீதத்தைப்போல் மூன்று மடங்கு சதவீதம் கூடும். அதாவது 0.23 சதவீதம், நாலரை நொடி. அந்த நாலரை நொடியில் இலக்கு போகும் தூரம் 10 கி.மீ.! ஒரு சுற்று முடிந்து வந்தால் அது 20 கி.மீ. முன்னால் நிற்கும்.

சாலைக் கணக்குப்படி என்ன ஆகியிருக்க வேண்டும்? 1.7 மீட்டரை 1958 நொடியால் பெருக்கினால் சுமார் 3.3 கி.மீ. நெருங்கியிருக்க வேண்டும். நடந்தது 10 கி.மீ. விலகல். நாம் எதிர்பார்த்ததைப்போல் சரியாக மூன்று மடங்கு, அதுவும் எதிர்ப்பக்கம். எந்த உயரமானாலும், எந்தக் கோளானாலும், சின்ன வேக மாற்றங்களுக்கு இந்த மூன்று மாறாது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று மூன்று தடவை திரும்பப் போட்டேன்.

'கொஞ்ச நேரம் கிட்ட வருது' என்று பையன் சொன்னதும் உண்மை. முதல் மூன்றே முக்கால் நிமிடம் நெருங்கும், கிட்டத்தட்ட 250 மீட்டர். அப்புறம் திரும்பும். ஆறரை நிமிடம் தாண்டியதும் தொடங்கிய இடைவெளிக்கே வந்துவிடும், அதற்கப்புறம் விலகல்தான். அந்த 250 மீட்டர்தான் ஆளைக் கவிழ்ப்பது. நெருங்குகிறதே என்று இன்னும் கொஞ்சம் முறுக்குவோம், பாதை இன்னும் பெரிதாகும்.

ஆகவே பிரேக். அதே 1.7 மீட்டரைக் குறைத்தால் கப்பல் எதிர்ப்பக்கத்தில் 2 கி.மீ. தாழும், தாழ்ந்த பாதையில் விரைந்து ஓடி ஒரே சுற்றில் இலக்கின் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே குறைத்த 1.7ஐத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது.

இதில் ஏமாந்தது பையனும் நானும் மட்டுமல்ல. 1965 ஜூனில் ஜெமினி-4இல் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னைக் கொண்டுவந்த ராக்கெட்டின் மேல்கட்டத்தை நெருங்கப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதை நோக்கியே உந்தினார், அது விலகியது. எரிபொருள் வீணானதுதான் மிச்சம். அதே டிசம்பரில் ஜெமினி-6ஏ இதே கணக்கை ஒழுங்காகப் போட்டு ஜெமினி-7ஐ ஓரடி தூரம்வரை நெருங்கியது. நிலவில் இரண்டாவதாகக் கால்வைத்த பஸ் ஆல்ட்ரின் 1963இல் முனைவர் பட்டம் வாங்கியதும் இப்படிச் சுற்றுப்பாதையில் சந்திப்பது எப்படி என்ற ஆய்வுக்குத்தான்.

இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துப் பார்த்த நம் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் நினைவிருக்கும். 2024 டிசம்பர் 30இல் ஏவினார்கள், ஜனவரி 7 என்றார்கள், 9 என்றார்கள், கடைசியில் 16ஆம் தேதிதான் இரண்டும் இணைந்தன. நடுவில், எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகல் இருப்பதாக இஸ்ரோவே அறிவித்தது. வாட்ஸ்ஆப்பில் கிண்டல் செய்தவர்களை உட்காரவைத்து இந்த மூன்று மடங்குக் கணக்கைச் சொல்ல ஆசையாக இருந்தது. அவை சுற்றிய 475 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 94 நிமிடம். வேகத்தில் நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினால், ஒரு சுற்று முடிவதற்குள் 170 மீட்டர் விலகிவிடும். சென்டிமீட்டர் என்பது எறும்பு வேகம். பத்து நாள் பொறுமைக்குக் கிண்டல், பரிகாரப் பூஜைக்கு மட்டும் பணம் கேள்வி இல்லாமல் போகிறது.

பூஜை என்றதும் ஒன்று. உள்வட்டத்தில் போகிறவர் முந்துவார் என்ற இதே விதியால்தான் நொடிக்கு 30 கி.மீ. போகும் பூமி, 24 கி.மீ. போகும் செவ்வாயைச் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை உள்பக்கமாக ஓவர்டேக் செய்கிறது. அப்போது செவ்வாய் பின்னால் போவதுபோல் தெரியும். ஜோதிடத்தில் 'வக்ரம்' என்பது இதுதான். பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மலைக்குக் கீழே என் அக்கா வக்ரத்துக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறாள். மகனின் கம்ப்யூட்டரில் கெர்பினிலிருந்து டூனாவைப் பார்த்தாலும் அதே வக்ரம் தெரியும் என்று சொன்னேன். காபி எடுத்துவரப் போய்விட்டாள்.

பையன் அன்றைக்கே பிரேக் போட்டுப் பார்த்தான். நேரத்தை வேகமாக ஓட்டிவிட்டு, இடைவெளி பத்து கிலோமீட்டரிலிருந்து ஐந்து, இரண்டு, முந்நூறு மீட்டர் என்று இறங்குவதைப் போனிலேயே வாசித்துக்கொண்டு வந்தான். 1.7ஐத் திருப்பிக் கொடுத்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மெதுவாக நகர்த்தி, இரண்டையும் ஒட்டவைக்கும் டாக்கிங் போர்ட்டுகளை முட்டவைத்தான். ஒட்டவில்லை. மறுபடி முட்டினான், துள்ளி விலகியது.

"இன்னாடா ஆச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னான், "ஒண்ணுல பெரிய டாக்கிங் போர்ட் மாமா. இன்னொண்ணுல சின்னது வெச்சிட்டேன்."