மூவிதழுக்குப் பக்கத்தில் மண்டை ஓடு வந்த கதை

எச்சரிக்கைச் சின்னமாகத் தீப்பிழம்பை வரைந்தால், அந்தப் பொருள் தீப்பற்றும் என்று யாருக்கும் புரியும். கதிர்வீச்சை எதைப்போல வரைவது? அது கண்ணுக்கே தெரியாதே! அதனால்தான் அதற்குரிய மூவிதழ்ச் சின்னம் எதைப்போலவும் இல்லை. 1946-ல் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கதிர்வீச்சு ஆய்வகத்தில் உருவான சின்னம் இது. முதலில் நீலத் தளத்தில் மெஜந்தா நிறம். மஞ்சள் தளம் பிறகு வந்தது. நடு வட்டத்தின் ஆரம் 1 என்றால் இதழ்கள் மையத்திலிருந்து 1.5 தொலைவில் தொடங்கி 5-ல் முடியும். இதழுக்கு 60 பாகை, இடைவெளிக்கும் 60 பாகை.

நோய்க்கிருமி அபாயச் சின்னத்தில் இந்தப் பொருளின்மையையே தேடிப் பிடித்தார்கள். 1966-ல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வின் குழு பல வடிவங்களை மக்களிடம் காட்டி, என்னவென்று ஊகிக்கச் சொன்னது. ஒரு வாரம் கழித்து, எது நினைவிருக்கிறது என்று கேட்டது. எளிதில் மறக்காததும், யாராலும் அர்த்தம் சொல்ல முடியாததுமான வடிவமே தேர்வானது. பழைய அர்த்தம் ஒட்டியிருந்தால் புதியதைக் கற்பிக்க முடியாதல்லவா? மூன்று பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், பெட்டி கவிழ்ந்து கிடந்தாலும் சின்னம் தெரியும்.

இவ்வகைக் குறியீட்டின் பலவீனமும் இதுவேதான்: சொல்லிக்கொடுக்காத இடத்தில் அது வெறும் பூ. 2000-ல் தாய்லாந்தின் சமுத் பிராகானில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போனது. மூவிதழ் அங்கே யாருக்கும் எதையும் உணர்த்தவில்லை. உள்ளேயிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளிப்பட்டு மூவர் இறந்தனர்.

2007-ல் சர்வதேச அணுசக்தி முகமையும், சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் துணைச் சின்னம் ஒன்றை வெளியிட்டன. சிவப்பு முக்கோணத்துக்குள் மூவிதழ், அதிலிருந்து பாயும் கதிர்கள், மண்டை ஓடு, தப்பி ஓடும் மனிதன். 11 நாடுகளில் சோதித்துப் பார்த்த படம் இது. கதவில் மாட்டுவதற்கல்ல, கருவியைப் பிரிக்கத் தொடங்குபவர் கண்ணில் படும்படி, கதிரியக்க மூலத்தின் உறைமேல் ஒட்டுவதற்கு.

படம் என்றாலே புரிந்துவிடும் என்பதும் மூடநம்பிக்கைதான். வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்துகளின் உறையில், கர்ப்பிணி உருவத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருப்பார்கள். அதைக் கருத்தடை மாத்திரை என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எச்சரிக்கை அப்படியே தலைகீழாகிவிட்டது! இப்படிப்பட்ட குழப்பத்தைத் தவிர்க்க, எச்சரிக்கைப் படங்களுக்கான அமெரிக்கத் தரநிலை இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது: சோதனையில் 85% பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தான விதத்தில் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் 5%-ஐத் தாண்டக் கூடாது. நூற்றில் 94 பேர் சரியாகச் சொல்லி, 6 பேர் நேரெதிராகச் சொன்னால் படம் தேறாது.