வலது மூலையில் வரும் 'வைரஸ்'

வீடுகளுக்குச் சென்று கணினி பழுது பார்ப்பது என் தொழில். அண்மையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அழைத்து, "தம்பி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வைரஸ் வந்துட்டே இருக்கு, நேர்ல வந்து பாத்துடுங்க" என்றார். போய்ப் பார்த்தபோது திரையின் வலது கீழ் மூலையில், சிவப்புக் கேடயப் படத்துடன், கணினியில் ஐந்து வைரஸ்கள் இருப்பதாகவும் பாதுகாப்புச் சந்தா இன்றோடு முடிவதாகவும் சிறு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன. இதே தொல்லைக்காக இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு கடையில் கணினியை பார்மட் செய்திருக்கிறார்கள். அதில் பேத்தியின் காதணி விழாப் படங்கள் போனதுதான் மிச்சம். மூன்றாம் நாளே பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

அவரை அருகே அழைத்து, அந்தப் பெட்டியின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைச் சற்று உயர்த்திக்கொண்டு, "கூகுள் குரோம்" என்று படித்தார். அதையடுத்து வாயில் நுழையாத ஓர் இணையதளத்தின் பெயர் இருந்தது. அந்தப் பெட்டியில் உண்மையான தகவல் அந்த ஒரு வரி மட்டுமே. கணினிக்குள் வைரஸ் எதுவும் புகவில்லை. ஏதோ ஓர் இணையதளம், குரோம் என்ற உலாவி (இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருள்) வழியாக அறிவிப்பு அனுப்பும் அனுமதியை அவரிடமிருந்தே வாங்கி வைத்திருந்தது. செய்தி வந்தால் தெரிவிக்க நாளிதழ்த் தளங்கள் பயன்படுத்தும் அதே வசதிதான் இது. அனுமதி கொடுத்த பக்கத்தை மூடிவிட்டாலும் அது நீடிக்கும் என்பதால், சம்பந்தமே இல்லாமல் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூடப் பெட்டி எழும். பார்ப்பவர் கணினியே பேசுவதாக நினைத்துக்கொள்வார்.

அனுமதியை எப்படி வாங்குகிறார்கள் என்பதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். தவறவிட்ட தொலைக்காட்சித் தொடரையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ இலவசமாகத் தேடிப் போகும் தளத்தில், "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய 'அலவ்' என்பதை அழுத்துங்கள்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, முகவரிப் பட்டையை நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். உண்மையான ரோபோச் சோதனை பக்கத்தின் உள்ளேயே நடந்து முடிந்துவிடும். முகவரிப் பட்டையை ஒட்டி 'அலவ்', 'பிளாக்' என்ற இரண்டு பொத்தான்களோடு இறங்கும் பெட்டி உலாவியுடையது. அது கேட்பது அனுமதியை மட்டுமே. தலைமையாசிரியர் பார்மட்டுக்குப் பிறகும் விட்டுப்போன தொடரைத் தேடி அதே தளத்துக்குப் போய் அதே பொத்தானை அழுத்தியிருந்தார். பார்மட் செய்தவர்கள் அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. ஐந்து நிமிட வேலைக்கு முழுக் கணினியையும் துடைத்துக் கூலி வாங்குவது எங்கள் தொழிலில் இன்னும் நடக்கிறது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

குரோமில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாக உள்ளே போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் 'பிளாக்' செய்யுங்கள். வெறுமனே 'ரிமூவ்' செய்தால் அந்தத் தளம் மறுபடியும் அனுமதி கேட்க வழி இருக்கிறது. எந்தத் தளமும் இனி கேட்கவே வேண்டாம் என்ற தேர்வும் அதே பக்கத்தில் உண்டு. வயதானவர்களின் கணினியில் நான் அதையே வைத்துவிடுகிறேன். எட்ஜ் உலாவியிலும் இதற்கு இணையான இடம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியிலேயே இந்தக் கேள்வியை முகவரிப் பட்டையின் சிறு குறியாகச் சுருக்கிவிட்டதால், அதில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது வகை இன்னும் அச்சமூட்டுவது. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு விண்டோஸின் சாயலில் நீலப் பக்கம் ஒன்று தோன்றும். சங்கு ஊதுவதுபோல ஒலி எழும். கணினி முடக்கப்பட்டுள்ளதாக ஒரு குரல் சொல்லும். நடுவில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். மூடுவதற்கான பெருக்கல் குறியும் வெறும் படமாக இருக்கக்கூடும் என்பதால் அதை அழுத்தாதீர்கள். முதலில் 'எஸ்கேப்' விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, இயங்கும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் உலாவியைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதே நீலப் பக்கம் வந்து நிற்கும்.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணை அழைத்தால், எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். பிறகு கணினியில் நடப்பவற்றைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பக்கத்தைத் திறந்து, அங்கே சிவப்பிலும் மஞ்சளிலும் இருக்கும் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்பார்கள். நல்ல நிலையில் உள்ள என் சொந்தக் கணினியிலும் அத்தகைய குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஏற்கெனவே அழைத்துக் கணினியைத் திறந்துவிட்டிருந்தால், கூச்சப்படாமல் உடனே இணையத்தைத் துண்டியுங்கள்; வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்; வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைவாகச் சொன்னால் பணத்தை இடைவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

2024 முதல் பரவியிருக்கும் மூன்றாவது வகையை மட்டும் நானும் வைரஸ் என்றே நடத்துகிறேன். ரோபோச் சோதனை என்ற பெயரில், விண்டோஸ் விசையோடு 'ஆர்', அடுத்து கண்ட்ரோலோடு 'வி', பிறகு 'என்டர்' என்று அழுத்தச் சொல்லும். அப்படிச் செய்தால், அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை நம் கையாலேயே இயக்கிவிடுகிறோம். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல் இறங்கிவிடும். இதற்கு ஆளானவர்கள் உலாவியின் அனுமதிப் பட்டியலைத் திருத்துவதோடு நிற்காமல் கணினியை முழுமையாகச் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் பார்மட் செய்வதும் இங்கே நியாயம்தான்.

தலைமையாசிரியரின் பட்டியலில் பதினொரு தளங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே தடுக்க வைத்தேன். ஒரு வாரம் கழித்து மீண்டும் அழைத்து, மூலையில் ஒரு பெட்டி வந்திருப்பதாகவும், சிறிய எழுத்தைப் படித்துவிட்டதாகவும் சொன்னார். "குரோம்னு இல்ல தம்பி, விண்டோஸ் செக்யூரிட்டினு போட்டிருக்கு. ஸ்கேன் பண்ணியாச்சு, ஒண்ணும் இல்லைங்குது. நம்பரும் இல்ல, பணமும் கேக்கல." அது விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருள், உண்மையானதுதான், அப்படியே விட்டுவிடுங்கள் ஐயா என்றேன்.