வைட்டமின் இ-யின் கடனை அடைப்பது யார்?

சிங்கப்பூர் மருந்துக்கடைகளில் வைட்டமின் சி ஒரு புட்டியில் இருக்கும், இ இன்னொன்றில். உடம்புக்குள் அவை இப்படித் தனிக்குடித்தனம் நடத்துவதில்லை.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. எலக்ட்ரான் குறைபட்ட ஃப்ரீ ரேடிக்கல் ஒன்று அதில் ஒரு மூலக்கூறைத் தாக்கினால், தாக்கப்பட்டது பக்கத்து மூலக்கூறிடம் பறிக்கும்; அது அடுத்ததிடம் பறிக்கும். நாள்பட்ட முறுக்கில் சிக்கு வாடை அடிப்பதற்கும் இந்தச் சங்கிலி வினைதான் காரணம்.

கொழுப்பில் கரையும் இ, சவ்வுக்குள்ளேயே இருந்துகொண்டு ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. கொடுத்த கையோடு அதுவே ஒரு மந்தமான ரேடிக்கலாகிவிடும். சவ்வில் ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுக்கு ஒன்று தேறுவதே அரிது; அதுவும் ஒரே தடவையில் ஓய்ந்துவிட்டால் என்னாவது? நீரில் கரையும் சி, சவ்வின் விளிம்பில் நின்று இ-யைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. பேக்கர், ஸ்லேட்டர், வில்சன் மூவரும் இந்தக் கைமாற்றத்தைச் சோதனைக்கூடத்தில் நேரடியாகப் பார்த்து 1979-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

கடன், அதாவது எலக்ட்ரான் குறை, இப்போது சி-யின் தலையில். அதைச் செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு வாங்கிக்கொள்கிறது, குளுட்டாதயோனை எலக்ட்ரான் சுமக்கும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு மீட்கிறது, என்ஏடிபிஹெச்சுக்குக் குளுக்கோஸ் வேண்டும். ஆக, கடைசியில் கடனைத் தீர்ப்பது நாம் தின்ற சோறு! எந்த வைட்டமின் விளம்பரத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

குளுக்கோஸிலிருந்து என்ஏடிபிஹெச் எடுக்கும் பாதையின் முதல் நொதி ஜி6பிடி. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுக்களுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. இந்த நொதி குறைந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். குறைபாடு தெரிந்தால், பாட்டி துணி அலமாரியில் போட்டுவைக்கும் பாச்சை உருண்டைக்குக்கூட வீட்டில் தடை. வைட்டமின் சி-யை ஊசிவழி அளவுமீறி ஏற்றுவதும் இவர்களுக்கு ஆபத்து: அந்தச் செறிவில் அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், அதைச் சமாளிக்க இவர்களின் சிவப்பணுக்களிடம் என்ஏடிபிஹெச் போதாது.

தனி ஒரு சத்தை மட்டும் கூட்டிப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் சி குறைவு. எலக்ட்ரானை இழந்த கரோட்டினை மீட்க ஆளில்லாமல் அதுவே தாக்கத் தொடங்கியிருக்கலாம் என்பது அறிவியலாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.